கடலே அகழியான ஊர்: கோவளத்துக்கு அடுத்த விழிஞம்

தமிழ்நாட்டிலிருந்து உறவினர் யாராவது திருவனந்தபுரத்துக்கு வருகிறார்கள் என்றால், நிகழ்ச்சி நிரலை நாம் போட வேண்டியதே இல்லை. அது ஏற்கெனவே போட்டு வைத்தது போலத்தான் இருக்கும். காலையில் பத்மநாபசுவாமி தரிசனம், பகலில் அருங்காட்சியகமும் மிருகக்காட்சிசாலையும், மாலையில் கோவளம். மறுநாள் விடிந்ததும் கன்னியாகுமரி. இங்கே குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட நான் எத்தனை முறை கோவளம் போயிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் வந்தவர்களில், கலங்கரை விளக்கத்தைத் தாண்டி இன்னும் இரண்டு மூன்று கிலோமீட்டர் தெற்கே போய்விட்டு வரலாமா என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. “அங்கே என்னங்க இருக்கு, மீன் நாத்தம்தானே” என்று சொன்னவர்கள் உண்டு.

அங்கே இருப்பது விழிஞம். பாண்டியர் செப்பேட்டிலும் சோழர் செப்பேட்டிலும் கலிங்கத்துப்பரணியிலும் பெயர் சொல்லப்பட்ட ஊர். ஆய் அரசர்களின் தலைநகர் என்று வரலாற்று அறிஞர்கள் குறிப்பிடும் ஊர். மேற்குக் கடற்கரையில் இயற்கையே ஒதுக்கிக் கொடுத்த ஒரு சின்னக் குடா அந்த ஊரின் முகம். அந்தச் சிறுகரையில் நின்றுகொண்டு, நம் செப்பேடுகள் அதைப் பற்றிச் சொல்வதை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை. நாகர்கோவில்காரரான நண்பர் ஒருவருடன் சென்ற மழைக்காலத்தில் அதைச் செய்தேன். அதன் விளைவுதான் இக்கட்டுரை.

முதலில் கோவளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழர்களுக்குக் கோவளம் ஒன்றல்ல, மூன்று. சென்னைக்குத் தெற்கே ஒன்று, கன்னியாகுமரிக்கு அருகில் ஒன்று, இது மூன்றாவது. மூன்றிலும் பெயர் பெற்றது இதுதான் என்றாலும் இதன் பெருமை மிகப் பழையதன்று. சேது லட்சுமிபாய் மகாராணியின் கணவர் 1932இல் இங்குள்ள குன்றின்மேல் ஹால்சியன் மாளிகையைக் கட்டினார். 1964இல் அது அரசின் கைக்கு வந்தது. 1970களின் தொடக்கத்தில் சார்லஸ் கொரியா வடிவமைத்த விடுதி மலைச்சரிவில் எழுந்தது. இன்று எல்லோரும் படம் பிடிக்கும் சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம் ஒளி வீசத் தொடங்கியது 1972இல். ஹிப்பிகள் வந்ததும் ஏறக்குறைய அதே காலம். ஆக, கோவளத்துக்கு வயது ஒரு நூற்றாண்டு என்று தாராளமாகக் கொடுக்கலாம். பக்கத்திலிருக்கும் விழிஞத்துக்குக் குறைந்தது ஆயிரத்து இருநூறு ஆண்டு எழுத்துச் சான்று இருக்கிறது.

சரி, இந்தக் குடாவுக்கு என்ன அப்படிச் சிறப்பு? அதைப் புரிந்துகொள்ள இந்தக் கடற்கரையின் இயல்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கொல்லத்திலிருந்து குமரி வரையிலான கரை பெரும்பாலும் வரைகோல் வைத்து இழுத்தது போல நேராகப் போகும். மணற்கரை, அதில் ஓயாமல் மடியும் அலை. இடவப்பாதி என்று இங்கே சொல்லப்படும் தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதம் தொடங்கிவிட்டால் அந்த அலையைத் தாண்டி வள்ளம் இறக்குவதே உயிர்ப்போராட்டம். கட்டுமரக்காரன் எப்படியோ தாவிவிடுவான். சரக்கேற்றிய கலத்துக்கு அது முடியாது. பாறை முனைகள் கடலுக்குள் நீண்டு அலையை மறிக்கும் இடங்கள் இக்கரையில் விரல்விட்டு எண்ணக்கூடியவை: விழிஞம், முட்டம், குளச்சல் என்று சில. 1741இல் டச்சுக்காரர் வந்து இறங்கி மார்த்தாண்டவர்மரிடம் தோற்றது குளச்சலில் என்பதை நாம் அறிவோம். எதிரியானாலும் வணிகனானாலும் இறங்குவதற்கு அமைதியான தண்ணீர் வேண்டுமே. விழிஞத்தில் இன்னொரு வசதியும் உண்டு. கரையிலிருந்து சற்றுத் தள்ளினாலே கடல் ஆழம். பெரிய கலம் அருகில் வந்து நிற்கலாம், சிறு படகில் சரக்கை அமைதியான குடாவுக்குள் கொண்டு வந்து சேர்க்கலாம்.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் கையேடான ‘பெரிப்ளூஸ்’, செங்குன்று ஒன்றைக் கடந்து குமரிக்கு வரும் வழியில் பலிதா என்ற இடத்தைக் குறிக்கிறது. அங்கு நல்ல துறைமுகமும் கரையோரச் சிற்றூரும் இருந்தன என்கிறது. செங்குன்று வர்க்கலைப் பாறை என்பதில் பெரும்பாலும் ஒத்த கருத்து. பலிதாவையும் சிலர் வர்க்கலை என்பார்கள், வேறு சிலர் விழிஞம் என்பார்கள். இரண்டு இடங்களிலும் கரையில் இறங்கி நடந்தவன் என்ற முறையில் என் வாக்கு விழிஞத்துக்கே. வர்க்கலையில் செங்குத்தான பாறையும் திறந்த கடலும்தான் உண்டு. கலம் ஒதுங்க இடம் எங்கே?

இதற்கு மண்ணுக்கடியிலிருந்தும் சாட்சி வந்திருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறை பேராசிரியர் அஜித் குமார் தலைமையில் விழிஞத்தில் அகழாய்வு நடத்தியது. ரோமானிய மதுச்சாடித் துண்டுகள், மேற்காசியப் பகுதியின் மெருகிட்ட மட்பாண்டங்கள், சீனப் பாண்டங்கள் ஆகியவை கிடைத்தன. பெரிய கற்களை அடுக்கி எழுப்பிய பழங்கோட்டைச் சுவரின் எச்சங்களும் அடையாளம் காணப்பட்டன. கேரளத்திலுள்ள மிகப் பழைய கோட்டைகளுள் ஒன்று இது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். பானை ஓடு பொய் சொல்லாது என்பார்கள். எந்த அரசன் ஆண்டான் என்று அது சொல்லாவிட்டாலும் யார் யார் வந்து இறங்கினார்கள் என்று சொல்லிவிடுகிறது.

ஆய் குடியினர் நமக்குப் புதியவர்கள் அல்லர். புறநானூற்றில் ஆய் அண்டிரனை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடியிருக்கிறார். பொதியில் மலைக்கு உரியவன் அவன். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி குமரிமுனையை உள்ளிட்ட நாட்டை ஆயர்களின் நாடு என்று பொருள்படக் குறிக்கிறார். பின்னாளில் இக்குடியினர் மலையிலிருந்து கடலுக்கு இறங்கி வந்தபோது அவர்களுடைய துறையாகவும் தலைநகராகவும் அமைந்தது விழிஞம். வடக்கே சேரர், கிழக்கே பாண்டியர், பின்னர் சோழர். இவர்களுக்கு நடுவில் இருந்த ஒரு சிறு அரசு. இரண்டு பெரிய வீடுகளுக்கு நடுவே அகப்பட்ட ஒண்டுக்குடித்தனம் மாதிரி.

இனிச் செப்பேட்டுக்கு வருவோம். எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரையை ஆண்ட பாண்டியன் நெடுஞ்சடையன் வழங்கிய சீவரமங்கலச் செப்பேடு அவனது பதினேழாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதன் மெய்க்கீர்த்திப் பகுதியில் விழிஞத்தை அவன் அழித்த செய்தி வருகிறது. வெறுமனே அழித்தான் என்று சொல்லவில்லை. அந்த ஊருக்குக் கடலே அகழி, மதில்கள் வானத்தை உரசுமளவு உயர்ந்தவை, இலங்கைக் கோட்டை போல வலிமை உடையது என்றெல்லாம் வர்ணித்துவிட்டுத்தான் அழித்ததைச் சொல்கிறது. வேணாட்டரசனை வென்று யானைகளையும் குதிரைகளையும் செல்வத்தையும் கவர்ந்ததும் அதனோடு சேர்ந்து வருகிறது.

இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கழித்து இதே காட்சி மறுபடியும் தோன்றுகிறது. 1905இல் கண்டெடுக்கப்பட்ட, முப்பத்தொரு ஏடுகளைக் கொண்ட திருவாலங்காட்டுச் செப்பேடு இராஜேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. தந்தை இராஜராஜனின் வெற்றிகளைச் சொல்லும் வடமொழிப் பகுதியில், பாண்டியன் அமரபுயங்கனைப் பிடித்த பிறகு சோழர் படைத்தலைவன் விழிஞத்தைக் கைப்பற்றினான் என்று வருகிறது. அங்கும் அதேதான்: கடல் அகழி, ஓங்கிய மதில், பகைவர் நெருங்க முடியாத ஊர், வெற்றித் திருமகளின் இருப்பிடம்.

இங்கேதான் என் நண்பருக்கும் எனக்கும் வாக்குவாதம் மூண்டது. “இதெல்லாம் அச்சுல வார்த்தது மாதிரி வர்ற வர்ணனை அண்ணாச்சி. கோட்டைன்னா அகழி, அகழின்னா கடல். புலவன் வீட்டுல உட்காந்து எழுதியிருப்பான்” என்றார் அவர். நியாயமான சந்தேகம்தான். செப்பேட்டுப் புலவர்கள் மிகைப்படுத்துவதில் சமர்த்தர்கள் என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. மணி பதித்த மாளிகைகளை நானும் நம்பவில்லை. ஆனால் மீன்பிடித் துறைமுகத்தின் ஓரமாகப் பாறை முனைமேல் ஏறி நின்றபோது அவரே கொஞ்சம் மௌனமாகிவிட்டார். நாங்கள் நின்ற இடத்தில் நிலம் கடலுக்குள் நீட்டிய முஷ்டி போல இருந்தது. திரும்பிப் பார்த்த பக்கம் மட்டும்தான் தரை. மற்றப் பக்கமெல்லாம் கீழே பாறையும் நுரையும். இப்படிப்பட்ட முனையில் ஒரு கோட்டை கட்டினால் நிலத்துப் பக்கம் மட்டும் உறுதியாக அடைத்துவிட்டால் போதும், மிச்சத்தைக் கடல் பார்த்துக்கொள்ளும். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மொழியில், வெவ்வேறு அரசவையில் எழுதிய இரு புலவர்கள் ஒரே அம்சத்தைச் சொல்கிறார்கள் என்றால் அது பார்த்தவர்கள் வாய்வழி வந்த செய்தி என்று கொள்வதே பொருத்தம். மிகை மதிலின் உயரத்தில்தான், அகழியில் அன்று.

அதோடு இன்னொன்றும் எனக்குத் தோன்றியது. இந்த இரண்டு ஏடுகளும் விழிஞத்தின் அழகைச் சொல்வது அதை அழித்தவன் பெருமைக்காக. மதில் உயர உயர, இடித்தவன் புகழும் உயரும். அதாவது, விழிஞத்தைப் பற்றி நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த வர்ணனைகள் இரண்டும் வென்றவர் கையிலிருந்து வந்தவை. நம் சங்கக் கூட்டங்களில் இராஜராஜன் பேச்சு வந்துவிட்டால் கைதட்டல் தானாக எழும்; நானும் தட்டியிருக்கிறேன். ‘காந்தளூர்ச் சாலை கலமறுத்த’ என்ற அடைமொழியை மேடையில் முழங்காத பேச்சாளர் கிடையாது. கலம் என்பது கப்பலா, உண்கலமா, அறுத்தது அழித்ததா, வரையறுத்ததா என்று அறிஞர்கள் இன்றளவும் மோதிக்கொள்கிறார்கள். இதே திருவனந்தபுரத்தில் ஆசிரியராக இருந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். அந்தச் சாலை இன்றைய வலியசாலை என்பது ஒரு சாராரின் கொள்கை. கலிங்கத்துப்பரணியிலும் குலோத்துங்கனின் வெற்றிகளாக விழிஞமும் சாலையும் அடுத்தடுத்தே பேசப்படுகின்றன. ஒரே ஊரை எத்தனை தரம்தான் அழிப்பது! ஒவ்வொரு முறையும் அது எழுந்திருக்கிறது என்பதுதான் இந்தப் பட்டியலிலிருந்து தெரியவரும் செய்தி.

தோற்றவர் தரப்பில் என்ன எழுத்து இருக்கிறது? இருக்கிறது, அதிகம் பேசப்படாமல். ஆய் அரசன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் வெளியிட்ட செப்பேடு அது. திருவனந்தபுரம் ஹஜூர் கச்சேரியில் இருந்ததால் ஹஜூர் செப்பேடு என்றே பெயராகிவிட்டது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் முன்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரம் என்ற ஊரில் விஷ்ணு கோயில் கட்டி, காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு தொண்ணூற்றைந்து சட்டர்களுக்கு ஒரு சாலை ஏற்படுத்தியதை அது சொல்கிறது. சட்டர் என்றால் வேதம் பயிலும் மாணவர். கோயில் மனை முன்சிறைச் சபையாருக்கு உரியதாக இருந்தபடியால், அரசன் அதைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. மாற்று நிலம் கொடுத்து வாங்கினான். எனக்கு மிகவும் பிடித்தது இதிலுள்ள விடுதி விதிகள். சேர விரும்புகிறவனுக்கு இலக்கண அறிவு வேண்டும், மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரையொருவர் ஏசினால் தண்டம். ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வரக்கூடாது. பணிப்பெண்களை விடுதியில் வைத்துக்கொள்ளக்கூடாது. ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னும் விடுதி மாணவர்கள் விடுதி மாணவர்களாகவே இருந்திருக்கிறார்கள்! வாளால் பேசிய அரசுகளுக்கு நடுவே, தன் அரசின் வருமானத்தைப் பிள்ளைகளின் சோற்றுக்கும் படிப்புக்கும் எழுதி வைத்தவன் விழிஞத்து மன்னன். இவன் பெயரைச் சொல்லி நம்மில் யாரும் கைதட்டிக் கேட்டதில்லை. இவ்வேடும் தமிழ்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். அடித்தவர் தமிழ், அடிபட்டவர் தமிழ். இன்று கேரளம் என்றும் தமிழகம் என்றும் பிரித்து வைத்துக்கொண்டு ‘நாம் வென்றோம்’ என்று சொல்வதில் உள்ள அபத்தம் இந்த ஏட்டைப் படித்தால் புரியும்.

இடையில் சிக்கிய சாதாரண மனிதனுக்கும் ஒரு சான்று இருக்கிறது. மாறஞ்சடையனின் இருபத்தேழாம் ஆட்சியாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று திருவனந்தபுரம் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. விழிஞத்தின்மீது சேரர் படை வந்தபோது நடந்த போரில் பாண்டியன் பக்கம் நின்று பொருது மாண்ட இரணகீர்த்தி என்ற வீரனுக்கான கல் அது. அரசர்களின் பட்டியலில் இந்தப் பெயர் வராது. குடாவுக்காக உயிர் விட்டவர்களில் பெயர் தெரிந்த சிப்பாய் இவன்தான் என்று நினைக்கிறேன்.

கல்லில் மிஞ்சியிருப்பதைப் பார்க்க ஊருக்குள் ஒரு குடைவரை இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில், ஒரு சின்னத் தோட்டத்துக்குள் ஒற்றைப் பாறை. பல்லவர் குடைவரைகளை மாமல்லபுரத்தில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏமாந்து போகலாம், அவ்வளவு சிறியது. ஓர் ஆள் குனிந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு ஒரே ஓர் அறை. உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தியின் சிற்பம். வெளிச்சுவரில் ஒரு புறம் திரிபுராந்தகர், மறுபுறம் உமையுடன் ஆடும் சிவன். இரண்டும் முற்றுப் பெறவில்லை. உளி பட்ட இடம், படாத இடம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன. எட்டாம் நூற்றாண்டு வேலை என்பர். அதாவது நெடுஞ்சடையன் படை வந்த அதே நூற்றாண்டு. படையெடுப்பால்தான் சிற்பி உளியைப் போட்டுவிட்டு ஓடினான் என்று கதை கட்ட நாக்கு துடிக்கும். கதை நன்றாகத்தான் இருக்கும்; ஆனால் முற்றுப்பெறாத குடைவரைகள் போர் நடக்காத ஊர்களிலும் நிறைய உண்டு. நாங்கள் போன அன்று அந்தத் தோட்டத்தில் எங்களைத் தவிர இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் ஒரு பூனையும்தான்.

சோழருக்குப் பின் விழிஞத்தின் கதையை வேகமாகவே சொல்லிவிடலாம். போர்த்துக்கீசியர் வந்தனர். 1544இல் தூய பிரான்சிஸ் சவேரியார் இக்கரையோரம் நடந்து முக்குவர் ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்களித்தார். 1644 வாக்கில் ஆங்கிலேயக் கம்பெனி இங்கே ஒரு பண்டகசாலை வைத்துப் பார்த்தது. பிறகு அஞ்சுதெங்கு அவர்களுக்கு வசதியாகிவிட்டது. கொச்சியும் வளர்ந்தபின் விழிஞம் மீனவர் ஊராக நின்றது. குடாவின் ஒரு பக்கம் மாதா கோயில், ஒரு பக்கம் பள்ளிவாசல். கப்பலுக்கு நல்வழி காட்டும் சிந்து யாத்திரை மாதா என்று அந்த மாதாவுக்குப் பெயர். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை தமிழ்நாட்டோடு சேர்ந்தன. விழிஞம் அடங்கிய நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. கருநந்தடக்கனின் கோட்டை ஒரு மாநிலத்தில், அவன் கட்டிய கோயில் இன்னொரு மாநிலத்தில்.

எல்லை நிலத்தில்தான் விழுந்தது. மீனுக்கும் மீனவருக்கும் அது அவ்வளவாகத் தெரியவில்லை. மழைக்காலத்தில் விழிஞத்துக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். மற்றக் கரைகளில் வள்ளம் இறக்க முடியாத அந்த ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் இங்கே பருவம். தெற்கே புல்லுவிளை, பூவார் ஊர்களிலிருந்தும் குமரி மாவட்டக் கரையிலிருந்தும் வள்ளங்கள் வந்து இந்தக் குடாவில் ஒதுங்கித் தொழில் செய்கின்றன. 1960களில் தொடங்கிய மீன்பிடித் துறைமுக வேலையால் அலைத்தடுப்புச் சுவர் எழுந்து, இயற்கை கொடுத்த ஒதுக்கிடம் இன்னும் விரிவானது. சுவரின் ஓரத்தில் 1991இல் ஒரு காங்கிரீட் பெட்டியும் வந்தது. அலையின் ஏற்ற இறக்கத்தால் காற்றைத் தள்ளி மின்சாரம் எடுக்கச் சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்கள் அமைத்த நூற்றைம்பது கிலோவாட் சோதனை நிலையம். உலக அளவில் முன்னோடி முயற்சி. பல ஆண்டு ஓடிப் பிறகு நிறுத்தப்பட்டது. கோவளத்தில் கூட்டம் கூட்டமாக அலையில் நிற்கிறவர்களுக்கு, அடுத்த வளைவில் அதே அலை விளக்கு எரித்தது தெரியாது.

நாங்கள் போனபோது ஏலம் நடந்துகொண்டிருந்தது. சாளையும் நெத்திலியும் கூடை கூடையாக இறங்கின. விலை கூவுவது மலையாளம் என்றுதான் முதலில் காதில் பட்டது. சற்று நின்று கேட்டால் பாதிக்கு மேல் நமக்குப் புரிகிற தமிழ். நண்பர் உற்சாகமாகிவிட்டார். வலையைச் சரி செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அவருடைய ஊர்ப் பேச்சிலேயே, “அண்ணாச்சி, எங்க உள்ளதாக்கும்?” என்று கேட்டார்.

“நமக்கு ஊரு தெக்கயாக்கும். மழை தொடங்கினா இஞ்ச வருவோம். அப்பனும் வந்தாரு, அவருக்க அப்பனும் வந்தாரு. இந்தத் தண்ணி சத்தம் போடாது சாரே” என்றார்.

சத்தம் போடாத தண்ணீர். செப்பேட்டுப் புலவர்கள் சொல்லத் தவறியது இது. அகழியை அவர்கள் வெளியிலிருந்து பார்த்தார்கள். உள்ளே ஒதுங்கினவனுக்கு அது அகழியல்ல, கூரை.

“இப்போ எப்படி?” என்று கேட்டதற்கு அவர் தெற்கே கையைக் காட்டினார். அங்கே வானத்தை மறித்து நின்றன புதிய துறைமுகத்தின் நீலப் பாரந்தூக்கிகள்.

விழிஞத்தில் பெருந்துறைமுகம் என்பது திருவிதாங்கூர்த் திவான் சி.பி. ராமசாமி ஐயர் காலத்திலேயே எழுந்த யோசனை. 2015இல் அதானி குழுமத்துடன் ஒப்பந்தமாகி அவ்வாண்டு டிசம்பரில் பணி தொடங்கியது. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீள அலைத்தடுப்புச் சுவர், பதினெட்டு முதல் இருபது மீட்டர் வரை இயற்கை ஆழம், பன்னாட்டுக் கப்பல் வழியிலிருந்து சுமார் பத்துக் கடல்மைல். 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது, டிசம்பரில் வணிகப் போக்குவரத்து தொடங்கியது, 2025 மே 2 அன்று பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த மாதமே உலகின் மிகப் பெரிய கொள்கலக் கப்பல்களில் ஒன்றான எம்.எஸ்.சி. இரீனா இங்கே கட்டப்பட்டது. பெரிப்ளூஸ் எழுதிய மாலுமி எதைத் தேடி வந்தானோ அதையேதான் இந்தக் கப்பலும் தேடி வந்திருக்கிறது: கரைக்கருகே ஆழம், அலைக்கு மறைவு. கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் போய் மாறி வந்த சரக்கு நம் நாட்டிலேயே இறங்குவது நல்லதுதான். அதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் கரையில் இருப்பவர்களின் கணக்கு வேறு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது பூந்துறை, விழிஞம், குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதிக் கரைகளில் நூற்றுக்கணக்கானோர் திரும்பி வரவில்லை. மறு ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தில் மத்திய கேரளம் மூழ்கியபோது இதே கரையோர ஊர்க்காரர்கள்தான் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் மாடியில் தவித்தவர்களை இறக்கினார்கள். 2022இல் அவர்களே துறைமுக வாயிலில் உட்கார்ந்தார்கள். சுவர் எழுந்தபின் வடக்கே வலியதுறை, சங்குமுகம் பக்கம் கரை அரிக்கிறது, வீடுகள் போகின்றன, எங்கள் பழைய துறையின் வாயில் ஆபத்தாகிவிட்டது என்பது அவர்கள் தரப்பு. அரிப்பு அதற்கு முன்பே இருந்தது, துறைமுகம் காரணமல்ல என்பது எதிர்த்தரப்பு. ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை நீடித்த போராட்டம் பேச்சுவார்த்தையில் முடிந்தது. கரைமடி இழுப்போருக்கும் பாறையில் மூழ்கிச் சிப்பி எடுப்போருக்கும் இழப்பீடு வழங்கப்பட்டது. 2025 மே மாதம், விழிஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் வழியில் மூழ்கி, கொள்கலன்களும் பிளாஸ்டிக் மணிகளும் இக்கரையெங்கும் ஒதுங்கின. அந்த மழைப் பருவத்தின் தொடக்கத்தில் மீன் வாங்கவே மக்கள் தயங்கினார்கள்.

யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் கடல்நூல் அறிஞன் அல்லன். வரலாற்று மாணவன் என்ற முறையில் எனக்குப் படுவது ஒன்றுதான். இந்தக் குடாவை விரும்பி வந்த பெரியவர்கள் எல்லோரும் அதன் வர்ணனையைத் தாங்களே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நெடுஞ்சடையன் எழுதினான், இராஜேந்திரன் எழுதினான். இன்று எழுதப்படுகிற அர்ப்பணிப்புக் கல்வெட்டும் அந்த வரிசையில் சேரும். மழைக்கு மழை வந்து ஒதுங்கியவர்களின் தரப்பு செப்பேட்டில் இல்லை. அது அந்தப் பெரியவர் மாதிரியானவர்கள் வாயில்தான் இருக்கிறது. கேட்டு எழுதிக்கொள்ள ஆள் வேண்டும். வேலைக்காக ஊர் விட்டு ஊர் வந்து ஒதுங்கிய நம்மைப் போன்றவர்களுக்கு அந்தப் பேச்சு கொஞ்சம் சுலபமாகவே புரியும். நம் மலரிலேயே அடுத்த ஆண்டு யாராவது அதைச் செய்யலாம். குறிப்பாக, பருவந்தோறும் வருபவர்கள் எந்த ஊரிலிருந்து எத்தனை தலைமுறையாக வருகிறார்கள் என்பதை இப்போதே பதிந்து வைத்தால் நல்லது.

போக விரும்பும் அன்பர்களுக்கு: கிழக்கேகோட்டையிலிருந்து விழிஞத்துக்கு நேரடிப் பேருந்து உண்டு. கோவளத்திலிருந்து என்றால் ஆட்டோவில் பத்து நிமிடம். மழைக்காலத்தில் காலையிலேயே போனால் ஏலம் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை இஸ்லாமிய மீனவர்களும் ஞாயிறு கிறிஸ்தவ மீனவர்களும் பெரும்பாலும் கடலுக்குப் போவதில்லை என்பதால் அந்த நாட்களில் கரை பாதி வெறிச்சோடியிருக்கும். குடைவரை ஊருக்குள் இருக்கிறது; கேட்டால் வழி காட்டுவார்கள். பாறை முனையில் மழைநாளில் ஏறாதீர்கள், வழுக்கும்.